ஒரே ஏ4 ஷீட்ல எட்டு பிட் நோட்டீஸ்: லிப்ரே ஆபீஸ் ரைட்டரோட லேபிள் வசதி எப்படி இருக்கு?

ஜெராக்ஸ் கடைல டைப்பிங் பாக்குறவங்களுக்கு தெரியும், வர்ற வேலைல பாதி ஒரு முழு பக்கம்கூட இருக்காது. ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங் சர்க்குலர், கோயில் அன்னதான டோக்கன், டியூஷன் சென்டர் பிட் நோட்டீஸ், ஊறுகா பாட்டில்ல ஒட்ற லேபிள், ஜூன் மாசம் வந்தா நோட்டுக்கு ஒட்ற நேம் ஸ்லிப்பு. எல்லாத்துக்கும் கேக்குறது ஒண்ணுதான், "தம்பி, ஒரு ஏ4-ல எட்டு வர்ற மாதிரி சமமா பிரிச்சு ஒரே மேட்டர எல்லாத்துலயும் போட்டு குடுப்பா, நான் வெட்டிக்கிறேன்". கேக்க ரெண்டு நிமிஷ வேலை மாதிரி இருக்கும், ஆனா இத தப்பா பண்ணி ஒரு ரீம் பேப்பர் பாழாப்போன கடைங்க ஊருக்கு நாலு இருக்கு.

இதுக்கு கோரல் இருக்கே, பேஜ்மேக்கர் இருக்கே, டிசைன் வேலைக்குன்னே வந்த ஸாஃப்ட்வேர்னு சில பேர் சொல்லுவாங்க. இருக்கு, 2001ல வந்த பேஜ்மேக்கர் 7-அ இன்னிக்கும் உயிரோட வச்சிருக்குற கடைங்க நம்ம ஊர்ல நிறைய. ஆனா வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருக்குற டீச்சரோ, சங்கத்து செக்ரட்டரியோ, புதுசா கடை போட்டவரோ அதுக்கெல்லாம் போக மாட்டாங்க, அவங்க கைல இருக்கிறது வேர்டு, இல்லன்னா கூகுள் டாக்ஸ், இல்லன்னா காசே குடுக்காம இறக்குற லிப்ரே ஆபீஸ். இந்த மூணுல பக்கத்த சமமா பிரிக்கிற வேலைக்கு மட்டும் எது சரியா வரும்னுதான் இங்க சொல்றேன், மத்த வேலைக்கு எது நல்லதுங்கிறது வேற பஞ்சாயத்து. என் ஓட்டு லிப்ரே ஆபீஸ்ல வேர்டு மாதிரி டைப் பண்ற ரைட்டருக்கு, அதுலயும் குறிப்பா ஃபைல் மெனுல நியூ-க்குள்ள ஒளிஞ்சிருக்குற லேபிள்ஸ்-னு ஒரு ஐட்டத்துக்கு. பல பேர் வருஷக்கணக்கா ரைட்டர் யூஸ் பண்ணுவாங்க, அதுக்குள்ள ஒரு தடவகூட போயிருக்க மாட்டாங்க.

முதல்ல பிரச்சனை என்னன்னு பாத்துருவோம், அது புரிஞ்சாதான் இந்த ஐட்டம் ஏன் நல்லா இருக்குன்னு புரியும். ஏ4 பேப்பர் 210க்கு 297 எம்எம். நாம வழக்கமா என்ன பண்ணுவோம், சுத்தி ஒரு சென்டிமீட்டர் மார்ஜின் விட்டுட்டு டேபிள் போடுவோம், ரெண்டு காலம் (நெடுக்கு வரிசை) நாலு ரோ (படுக்க வரிசை), டிஸ்ட்ரிப்யூட் ரோஸ் அமுக்குவோம், ஸ்க்ரீன்ல பாத்தா எட்டும் அச்சுல வார்த்த மாதிரி சமமா இருக்கும். ஆனா அந்த சமம் மார்ஜினுக்கு உள்ள மட்டும்தான். கணக்கு போட்டு பாருங்க, 297-ல மேல பத்து கீழ பத்து போனா 277, அத நாலா வகுத்தா ஒவ்வொரு ரோவும் 69.25. இப்ப டேபிள் கோட்டு மேலயே வெட்டுனா நடுவுல இருக்குற ரெண்டும் 69.25 எம்எம் வரும், மேலயும் கீழயும் இருக்குறது மார்ஜினையும் சேத்துக்கிட்டு 79.25 வரும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம், கட்டு கட்டி வச்சா பல்லு பல்லா நிக்கும். தட்டுல கொட்டுன மைசூர்பாக்குக்கு ஓரத்த விட்டுட்டு நடுவுல மட்டும் அளந்து கோடு போட்டா ஓரத்துண்டு பெருசா வருமே, அதே கததான். சரி, அதுக்கு பதிலா பேப்பர சரிசமமா 74.25, 74.25-னு வெட்டிடலாம்னா இப்ப எழுத்து ஒவ்வொரு துண்டுலயும் ஒவ்வொரு எடத்துல நிக்கும், சிலதுல முதல் வரி அடுத்த துண்டுக்கு போயிரும்.

இதுல வேடிக்க என்னன்னா ரெண்டா பிரிக்கிறப்ப இது தெரியாது. ரெண்டு பக்கமும் ஒரே மார்ஜின்ங்கிறதால நடுக்கோடு பேப்பரோட நடுவுலயே விழும், மேட்டர் மட்டும் வெட்டுற பக்கம் லேசா ஒட்டி நிக்கும், அத யாரும் கவனிக்க மாட்டாங்க. மூணாவது துண்டு வந்தாத்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். அதனாலதான் நாலு பிட்டு போட்டு பழகுனவங்க எட்டு பிட்டு வந்ததும் முழிக்கிறாங்க.

அப்ப ஸாஃப்ட்வேர்கிட்ட நாம கேக்க வேண்டியது என்ன? கட்டத்தோட அகலம் உயரம் இல்ல, ஒரு கட்டம் ஆரம்பிக்கிற எடத்துல இருந்து அடுத்த கட்டம் ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் எவ்ளோ தூரம்ங்கிறது. லேபிள் சமாச்சாரத்துல அத பிட்ச்-னு போடுவாங்க. ரைட்டர்ல லேபிள்ஸ் தொறந்தீங்கன்னா மூணு டேப் இருக்கும், அதுல ஃபார்மட்-ங்கிற டேப்ல அந்த பிட்ச் ரெண்டும் முதல்லயே நிக்குது, ஹாரிசாண்டல் பிட்ச், வெர்டிகல் பிட்ச். அதுக்கப்புறம்தான் விட்த், ஹைட், லெஃப்ட் மார்ஜின், டாப் மார்ஜின், எத்தன காலம் எத்தன ரோ, பேப்பர் அகலம் உயரம். கட்டம் எங்க எப்படி விழுதுன்னு ஒரு படமும் பக்கத்துலயே வரும். பேப்பர்ல இருந்து ஆரம்பிச்சு யோசிக்க வைக்குது பாருங்க, எனக்கு அதுதான் புடிச்சது.

எட்டு பிட் நோட்டீசுக்கு நான் வச்சிருக்குற நம்பர அப்படியே தர்றேன். ஹாரிசாண்டல் பிட்ச் 105, வெர்டிகல் பிட்ச் 74.25, அகலம் 95, உயரம் 64.25, இடது மார்ஜின் 5, மேல் மார்ஜின் 5, காலம் 2, ரோ 4, பேப்பர் 210, 297. இப்ப ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவுலயும் பத்து எம்எம் இடைவெளி, ஓரத்துல அஞ்சு எம்எம், அதாவது நடு இடைவெளில பாதி ஓரத்துக்கு. பேப்பர பாதி பாதியா வெட்டுனா ஒவ்வொரு துண்டுலயும் நாலு பக்கமும் அஞ்சு அஞ்சு எம்எம் வெள்ள விழும், எட்டும் ஒண்ணுபோல இருக்கும். நாலு வேணும்னா வெர்டிகல் பிட்ச் 148.5, உயரம் 138.5, ரோ 2, மத்தது அதேதான். பதினாறு டோக்கன்னா பிட்ச் 52.5க்கு 74.25, அகலம் 42.5 உயரம் 64.25, நாலு காலம் நாலு ரோ. ஒரு நம்பர் கூட மனப்பாடம் பண்ண வேணாம், பேப்பர் அளவ எண்ணிக்கையால வகுத்தா பிட்ச், அதுல பத்த கழிச்சா கட்டம்.

வெட்டுறதுக்கும் இது நல்லது. 105, 74.25 எல்லாம் ஏ4-அ பாதி, மறுபடி பாதின்னு மடிச்சா தானா வர்ற அளவு, ஏ சைஸ் பேப்பரே அப்படி பாதி பாதியா போறதுதான், ஏ4-ல பாதி ஏ5, அதுல பாதி ஏ6, எட்டுல ஒண்ணு ஏ7. அதனால கட்டிங் மெஷின்ல ஸ்கேல் வச்சு 69.25 தேட வேண்டியதில்ல, ஒரு ஷீட்ட மடிச்சு மார்க் பண்ணி மொத்த கட்டையும் வெட்டிடலாம். வீட்ல கத்திரிக்கோல் வச்சு வெட்டுற டீச்சருக்கும் இதேதான், மடிச்சு மடிச்சு வெட்டிட்டு போலாம். வெட்ற கோடு ஷீட்ல வராதேன்னு ஒரு குறை சொல்லலாம், உண்மதான், லேபிள்ல கட்டத்த சுத்தி கோடு தானா வராது, ஆனா பாதி பாதியா வெட்டுறப்ப கோடு எதுக்கு, கோடு இருந்தா ஒரு எம்எம் தள்ளி வெட்டுனதும் பளிச்சுனு தெரியும், இல்லாம இருக்குறதே மேல்.

அடுத்து மேட்டர். ஆப்ஷன்ஸ் டேப்ல சிங்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்னு ஒரு டிக் இருக்கு, அத கண்டிப்பா போடுங்க. போட்டுட்டு நியூ டாகுமெண்ட் குடுத்தா எட்டு கட்டம் உள்ள பக்கம் தொறக்கும், மேல இடது மூலைல இருக்குற முதல் கட்டத்துல மட்டும் டைப் பண்ணி ஃபான்ட் சைஸ் எல்லாம் சரி பண்ணிட்டு பக்கத்துல மிதக்குற சின்ன பெட்டில சிங்க்ரனைஸ் லேபிள்ஸ் பட்டன அமுக்குனா மத்த ஏழுலயும் அதே மேட்டர் வந்து உக்காரும். கஸ்டமர் கடைசி நேரத்துல "தம்பி, அந்த போன் நம்பர்ல கடைசி எழுத்து ஏழு இல்ல ஒம்போது"ன்னு சொல்லுவார்ல, சொல்லாம போனதா சரித்திரமே இல்ல, அப்ப ஒரு எடத்துல மாத்திட்டு பட்டன அமுக்குனா போதும். டேபிள்ல பண்ணிருந்தா எட்டு தடவ காப்பி பேஸ்ட், பதினாறு டோக்கன்னா பதினாறு, அதுல ஒண்ணு மட்டும் பழைய நம்பரோட பிரிண்ட் ஆகும்.

இப்ப வேர்டு. வேர்டுலயும் இதே லேபிள் இருக்கு, நியாயமா சொல்லணும்ல. மெயிலிங்ஸ் டேப்ல லேபிள்ஸ், அதுல ஆப்ஷன்ஸ், அதுல நியூ லேபிள், அங்க போனா இதே பிட்ச் கணக்கு எல்லாம் கேக்கும், குடுத்துட்டு ஃபுல் பேஜ் ஆஃப் த சேம் லேபிள்னு வச்சு நியூ டாகுமெண்ட் அமுக்குனா பக்கம் ரெடி. ஆனா அது உள்ளுக்குள்ள வெறும் டேபிள்தான் போட்டு குடுக்கும், மேட்டர எட்டா காப்பி பண்ணி வச்சிடும், அப்புறம் நம்பர் மாத்தணும்னா திரும்ப முதல்ல இருந்து. மெயில் மெர்ஜ், அதாவது பேர் லிஸ்ட்ட வச்சு லெட்டர் அடிக்கிற வசதி, அது வழியா போனா அப்டேட் லேபிள்ஸ்னு ஒரு பட்டன் உண்டு, முதல் கட்டத்துல இருக்கிறத மத்ததுக்கு பரப்பும், ஆனா ஒரு சர்க்குலர் போட மெயில் மெர்ஜ் தொறக்குறது எத்தன பேருக்கு வரும்?

நிறைய பேர் வேர்டுல நேரா டேபிள்தான் போடுவாங்க, அதுவும் தப்பில்ல, முறையா போட்டா பேப்பர சமமா பிரிக்கலாம். பேஜ் மார்ஜின் நாலும் பூஜ்யம் ஆக்கிடுங்க, டேபிள் ப்ராப்பர்டீஸ்ல காலம் அகலம் 105 எம்எம், ரோ உயரம் 74.1 வச்சு பக்கத்துல அட் லீஸ்ட்னு இருக்குறத எக்ஸாக்ட்லி ஆக்குங்க, அப்புறம் ஆப்ஷன்ஸ்ல போயி செல் மார்ஜின் நாலு பக்கமும் 5 எம்எம் குடுத்து ஆட்டோமேட்டிக்கா ரீசைஸ் ஆகுற டிக்க எடுத்துடுங்க. மார்ஜின பேப்பருக்கு குடுக்காம கட்டத்துக்குள்ள குடுக்குறோம், அவ்ளோதான் சூட்சுமம். பிரிண்ட் குடுக்குறப்ப மார்ஜின் ரொம்ப சின்னதா இருக்குன்னு ஒரு எச்சரிக்க வரும், ஓரத்துல எழுத்தே இல்லங்கிறதால பயப்படாம யெஸ் குடுங்க.

74.25-க்கு பதிலா ஏன் 74.1-னு கேப்பீங்க. வேர்டுல டேபிளுக்கு கீழ ஒரு காலி பாரா எப்பவும் இருக்கும், அத அழிக்கவே முடியாது. டேபிள் பக்கம் முழுக்க நின்னுச்சுன்னா அந்த காலி பாரா எறங்கி ரெண்டாவது பக்கம் போயிரும், பிரிண்ட்ல ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு வெள்ள பேப்பர் சும்மா வெளிய வரும். அதுக்காகத்தான் அந்த பாராவோட ஃபான்ட் சைஸ ஒண்ணு ஆக்கி, லைன் ஸ்பேசிங்க எக்ஸாக்ட்லி ஒரு பாயிண்ட் ஆக்கி, முன்ன பின்ன ஸ்பேசிங்க பூஜ்யம் ஆக்கி அரை எம்எம்முக்குள்ள அடக்கி வைக்கணும். இது தெரியாம டெலீட் கீய அமுக்கி அமுக்கி கீபோர்டு தேஞ்சவங்க உண்டு. ரைட்டர்ல சாதாரண டேபிள் போட்டாலும் டாகுமெண்ட் கடைசில இதே மாதிரி ஒரு பாரா நிக்கும், அத மறைக்கல, ஆனா லேபிள் வழியா போனா இந்த வம்பே இல்ல.

கூகுள் டாக்ஸ் பத்தி சுருக்கமா. பக்கத்த பிரிக்கிற வேலைக்கு அது வேணாம். லேபிள்னு தனியா எதுவும் கிடையாது, வெளில இருந்து ஆட்-ஆன் போட்டாதான் உண்டு. டேபிள்ல டிஸ்ட்ரிப்யூட் ரோஸ், டிஸ்ட்ரிப்யூட் காலம்ஸ் ரைட் கிளிக்லயே இருக்கு, அது வசதிதான், ஆனா ரோ உயரத்துக்கு மினிமம் மட்டும்தான் குடுக்க முடியும், இதுக்கு மேல போகாதன்னு கட்ட முடியாது. ஒரு கட்டத்துல ஒரு வரி கூடுனா அந்த ரோ வளரும், கீழ இருக்குறது எல்லாம் எறங்கும், கடைசி ரோ அடுத்த பக்கம் போயிரும். பத்து பேர் சேந்து ஒரு லெட்டர் எழுதணும்னா டாக்ஸ அடிச்சுக்க ஆள் இல்ல, எட்டு பிட்டுக்கு அது ஆகாது.

காலம்ஸ் போட்டா பக்கம் சமமா பிரியுமேன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. பிரியும், ஆனா அது நியூஸ் பேப்பர்ல செய்தி போற மாதிரி ஓட்றதுக்கு, முதல் காலம் ரொம்புனாத்தான் ரெண்டாவதுக்கு போகும். கண்ட்ரோல் ஷிஃப்ட் என்டர் போட்டு தள்ளி விடலாம், வேர்டு ரைட்டர் ரெண்டுலயும் அதே கீதான். நான் காலம்ஸ யூஸ் பண்றது மூணு மடிப்பு பாம்ப்லெட்டுக்கு மட்டும். பேப்பர படுக்க போட்டா 297 அகலம், மூணா பிரிச்சா 99. இங்கயும் அதே கணக்குதான் பாருங்க, ஓர மார்ஜின் 10-ன்னா காலத்துக்கு நடுவுல இடைவெளி 20 வைக்கணும், அப்பத்தான் ஒவ்வொரு காலமும் 79 வந்து மடிப்பு இடைவெளியோட நட்ட நடுவுல விழும். ரெண்டயும் ஒரே அளவா வச்சா மடிப்பு எழுத்த ஒரசிக்கிட்டு போகும். இதுல இன்னொரு விசயம், உள்ள மடிஞ்சு போற பக்கம் மத்தத விட ஒண்ணு ரெண்டு எம்எம் கம்மியா இருந்தாத்தான் பாம்ப்லெட் பிதுங்காம மூடும், அப்ப சமமே வேணாம்னு ஆயிடுது. வேர்டுல ஈக்வல் காலம் விட்த் டிக்க எடுத்துட்டு தனித்தனியா குடுக்கலாம், ரைட்டர்ல ஆட்டோ விட்த்னு இருக்கும் அத எடுக்கணும், டாக்ஸ்ல எல்லா காலமும் எப்பவும் ஒரே அகலம்தான்.

டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு மவுஸால இழுத்து இழுத்து வைக்கிறவங்களுக்கு ஒரு கும்பிடு. முதல் பாராவுல ஒரு என்டர் தட்டுனா பாக்ஸு எல்லாம் ஒவ்வொரு திசைல ஓடும்.

இன்னொரு வழி இருக்கு, அது லேபிளும் இல்ல டேபிளும் இல்ல. பேப்பர் சைஸையே ஏ6 ஆக்கிடறது, 105க்கு 148, அதுல ஒரே ஒரு பக்கம் அழகா டைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கிட்டு அடோபி ரீடர்ல பிரிண்ட் போயி மல்டிபிள்ல நாலு பேஜ் பெர் ஷீட் வச்சு, பேஜஸ்ங்கிற எடத்துல 1,1,1,1-னு அடிக்கணும், ஒரே பக்கம் நாலு தடவ வந்து ஒரு ஏ4-ல நிக்கும். நாலு சர்க்குலருக்கு இது சூப்பர், டேபிளே வேணாம். வேர்டு பிரிண்ட் பெட்டிலயும் இதே மாதிரி 1,1,1,1 எடுத்துக்கும். ஆனா அளவு அச்சு அசலா 105-ல வருமாங்கிறது பிரிண்டர் டிரைவரோட மனச பொறுத்தது, சில டிரைவரு சுத்தி கொஞ்சம் எடம் விட்டுட்டு மேட்டர சுருக்கி வைக்கும், அதனால எட்டுக்கும் பதினாறுக்கும் நான் இத நம்ப மாட்டேன். பேப்பர் சைஸ ஏ4-ஆவே விட்டுட்டு நாலு பேஜ் பெர் ஷீட் குடுத்தா 12 சைஸ் எழுத்து 6 சைஸா சுருங்கி எறும்பு ஊர்ற மாதிரி வரும், அத மட்டும் பண்ணாதீங்க.

பிரிண்ட் பத்தி பேசுறப்ப இதையும் சொல்லிடணும், நீங்க எம்எம் கணக்கா பிரிச்சத ஒரே டிக்ல கெடுக்குறது ஃபிட் டு பேஜ். பிடிஎஃப் பிரிண்ட் குடுக்குறப்ப ஆக்சுவல் சைஸ் வைங்க. ஃபிட்ல வச்சா மொத்த பக்கமும் கொஞ்சம் சுருங்கி நடுவுல வந்து நிக்கும், அப்ப நாம மேல பாத்த பழைய மார்ஜின் பிரச்சனை பின்வாசல் வழியா வந்துடும். அதே மாதிரி பேப்பர் சைஸ் லெட்டர்னு இருக்கான்னு பாருங்க, ரீஜியன் அமெரிக்கான்னு வச்சு இன்ஸ்டால் பண்ணுன கம்ப்யூட்டர்ல லெட்டர்தான் நிக்கும், அது 215.9க்கு 279.4, ஏ4-அ விட ஆறு எம்எம் அகலம், பதினேழு பதினெட்டு எம்எம் குட்ட. அதுல போட்ட டேபிள ஏ4-ல அடிச்சா கீழ ஒரு பட்ட வெள்ளையா நிக்கும், சமமாவது ஒண்ணாவது. அளவு பெட்டில இஞ்ச்னு காட்டுனா பயப்படாதீங்க, 105 எம்எம்-னு யூனிட்டோட சேத்து அடிச்சா வேர்டும் ரைட்டரும் தானா மாத்திக்கும்.

ரெண்டு பக்கம் பிரிண்ட் போடுறீங்கன்னா, முன்னாடி மேட்டர் பின்னாடி மேப்புன்னு கல்யாண மண்டப வழி கேட்டு வருவாங்கல்ல, அப்ப இடது வலது ஓரம் ரெண்டும் ஒரே அளவா இருக்கணும், ஏன்னா பேப்பர் திரும்புறப்ப இடது வலதா மாறிடும். மேல சொன்ன பாதி ஓரம் கணக்குல அது தானா அமைஞ்சிருது. பிரிண்டர் பேப்பர் இழுக்குறப்ப ஒரு எம்எம் முன்ன பின்ன போகும், அதுக்குத்தான் ஓரத்துல அஞ்சு எம்எம் வெள்ள, அத சேமிக்கிறேன்னு ரெண்டு எம்எம் வைக்காதீங்க.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு தனியா சில விசயம் இருக்கு, இத இங்கிலீஷ் ரிவ்யூல யாரும் சொல்ல மாட்டாங்க. கடைல பாதி மேட்டர் இன்னும் பாமினி ஃபான்ட்லதான் ஓடுது. பாமினில சின்ன எம் அடிச்சா அ, பெரிய எம் அடிச்சா ஆ. வேர்டும் சரி ரைட்டரும் சரி, அத இங்கிலீஷுன்னு நெனச்சுக்கிட்டு வாக்கியத்தோட முதல் எழுத்த பெருசாக்கி விட்டுடும், அம்மான்னு அடிச்சா ஆம்மான்னு நிக்கும், லேபிள்ல ஒவ்வொரு கட்டமும் ஒரு புது வாக்கியம்ங்கிறதால முதல் எழுத்துலயே அடி விழும். ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ்ல போயி அந்த டிக்க எடுத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கணும். யூனிகோடுல அடிச்சா இந்த தொல்ல இல்ல, ஆனா வேற ஒண்ணு இருக்கு, ரைட்டர் தமிழ காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட்ங்கிற கணக்குல வச்சுக்கும், ஸ்டைல்ல போயி ஃபான்ட் மாத்துறப்ப இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட் தமிழுக்கு ஒரு ஃபான்ட்னு ரெண்டு எடத்துல மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்திட்டு ஏன் சைஸு ஏற மாட்டேங்குதுன்னு திட்டக்கூடாது.

லதா, நிர்மலா மாதிரி ஃபான்டுங்க வரிக்கு வரி இங்கிலீஷ விட உயரமா எடம் புடிக்கும். அதனால இங்கிலீஷ்ல எட்டு வரி நின்ன கட்டத்துல தமிழ்ல ஆறோ ஏழோதான் நிக்கும். எடம் பத்தலன்னு லைன் ஸ்பேசிங்க எக்ஸாக்ட்லி-ல வச்சு இறுக்குனா கி கீ-யோட மேல் சுழி வெட்டுப்படும். அதுக்கு பதிலா ஃபான்ட் சைஸ அரை பாயிண்ட் கொறைங்க. அப்புறம் சின்ன கட்டத்துல ஜஸ்டிஃபை (ரெண்டு ஓரமும் நேரா நிக்கிறது) போடாதீங்க, நம்ம வார்த்தைங்க நீளம், "நடைபெறவிருப்பதால்"னு ஒரு வார்த்த வந்தா அதுவே முக்கா வரி, மிச்ச எடத்துல ரெண்டு வார்த்தைக்கு நடுவுல லாரி போற அளவுக்கு சந்து விழும். இடது பக்கம் ஒட்டி விட்டாலே பாக்க நல்லா இருக்கும்.

சரி, ரைட்டர்ல குறையே இல்லையான்னா நிறைய இருக்கு. முதல் குறை, மேட்டர் நீண்டு போனா லேபிள் கட்டம் வளராது, கீழ் வரிங்க அப்படியே மறைஞ்சிடும். கட்டம் சமமா இருக்கணும்னா அது வளரக்கூடாதுதான், ஆனா வரி போனத கவனிக்காம விட்டுட வாய்ப்பு உண்டு. பிரிண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி கடைசி வரி இருக்கான்னு கண்ணால பாத்துடுங்க, பிட் நோட்டீஸ்ல கடைசி வரிதான் போன் நம்பர்.

ரெண்டாவது, ஒவ்வொரு கட்டத்துலயும் வேற வேற பேரு வரணும்னா, நோட்டுக்கு ஒட்ற நேம் ஸ்லிப் மாதிரி, கால்க் (லிப்ரே ஆபீஸோட எக்ஸல்) ஷீட்ட முதல்ல டேட்டாபேஸா பதிவு பண்ணணும், அப்புறம்தான் லேபிள் டேப்ல அந்த பேர் காலத்த இழுக்க முடியும். பழகிட்டா ஒண்ணும் இல்ல, ஆனா முதல் தடவ பாக்குறவங்களுக்கு எங்க போறோம்னே புரியாது. இந்த ஒரு வேலைக்கு வேர்டு எக்ஸல் ஜோடி எவ்ளோவோ மேல், எக்ஸல் ஃபைல காட்டுனா எடுத்துக்கும், ஒரு கிளாஸ் பசங்க பேரு நாப்பதும் வரிசையா வந்து விழும். ஜூன் மாச நேம் ஸ்லிப்புக்கு நான் வேர்டுக்குத்தான் போறேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல.

மூணாவது, இந்த லேபிள் பக்கத்த வேர்டு ஃபைலா சேவ் பண்ணி வேற எடத்துல தொறந்தா கட்டங்க எடம் மாற வாய்ப்பு உண்டு, உள்ளுக்குள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃப்ரேம், அதுக்குள்ள முதல் கட்டத்தோட கோத்து வச்ச செக்‌ஷன், அது எல்லாம் அந்த ஊருக்கு புரியாது. ஒரிஜினல ரைட்டரோட சொந்த ஃபைலாவே வச்சுக்கிட்டு வெளிய குடுக்குறப்ப பிடிஎஃப்பா குடுங்க, டூல்பார்லயே அதுக்கு ஒரு பட்டன் இருக்கு, எந்த கடைல போயி அடிச்சாலும் அளவு மாறாது, ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்லயும் எழுத்து கட்டம் கட்டமா வராது. பிரிண்டுக்கு வர்ற கஸ்டமர்கிட்டயும் நான் இதத்தான் சொல்றது, வாட்ஸ்அப்ல வேர்டு ஃபைல் அனுப்பாதீங்கண்ணே, பிடிஎஃப் அனுப்புங்க.

பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க ஒண்ண கவனிக்கணும், 25.8 பதிப்புல இருந்து விண்டோஸ் 7, 8 ரெண்டுலயும் லிப்ரே ஆபீஸ் ஓடாது, அதுக்கு முந்தின பதிப்ப தேடி போடுங்க, லேபிள் வசதி அதுலயும் இதேதான். புதுசா கத்துக்கணுமேன்னு தயங்குறவங்களுக்கு ஒரு தகவல், நம்ம தமிழ்நாட்டு பழைய பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்ல ஸ்டார் ஆபீஸ்னு ஒண்ணு படிச்சோமே, அதுல இருந்து ஓப்பன் ஆபீஸ், அதுல இருந்து 2010ல பிரிஞ்சு வந்ததுதான் இந்த லிப்ரே ஆபீஸ். அந்த புக்க படிச்ச செட்டுக்கு மெனு எல்லாம் சொந்த ஊருக்கு போன மாதிரி இருக்கும்.

மார்க் போடணும்னா, ஒரே மேட்டர் பல துண்டுன்னா ரைட்டர் லேபிளுக்கு அஞ்சுக்கு நாலர. அரை மார்க் அந்த மறைஞ்சு போற கடைசி வரிக்கு புடிச்சுக்கிட்டேன். வேர்டு டேபிள் மூணு, முறையா போட்டா மூணர. வேற வேற பேருன்னா வேர்டு நாலு, ரைட்டர் ரெண்டர. டாக்ஸுக்கு ஒண்ணு, அதுவும் போன்லயே தொறக்குதுங்கிறதுக்காக.

கடைல ரெடிமேடா விக்கிற ஸ்டிக்கர் ஷீட் வாங்குறவங்களுக்கு மட்டும் இன்னொரு வரி. ரைட்டர்லயும் வேர்டுலயும் பிராண்ட் லிஸ்ட் நீளமா இருக்கும், ஏவரிங்கிற லேபிள் கம்பெனியோட ஷீட் நம்பர் எல்லாம் அதுலயே இருக்கு, எல்7160-ன்னா 21 லேபிள், ஒவ்வொண்ணும் 63.5க்கு 38.1. ஆனா நம்ம ஊர் ஸ்டேஷனரி கடைல கிடைக்கிற ஷீட்டுல பாதி அந்த லிஸ்ட்ல இருக்காது, கவர்ல போட்டிருக்குற அளவும் லேபிளோட அளவுதான், பிட்ச் போட்டிருக்க மாட்டாங்க. ஸ்கேல் வச்சு முதல் ஸ்டிக்கரோட மேல் விளிம்புல இருந்து கடைசி ஸ்டிக்கரோட மேல் விளிம்பு வரைக்கும் அளந்து, ரோ எண்ணிக்கைல ஒண்ண கழிச்சு வகுங்க, ஒவ்வொண்ணா அளக்குறத விட அதுதான் துல்லியமா வரும். அந்த நம்பர ஃபார்மட் டேப்ல போட்டதும் அங்கயே சேவ்னு ஒரு பட்டன் இருக்கும், பிராண்ட் பேருல உங்க கடை பேரும் டைப்ல ஷீட் பேரும் குடுத்து வச்சுட்டீங்கன்னா அடுத்த தடவ லிஸ்ட்ல இருந்து எடுத்தா போதும். முதல் பிரிண்ட வெள்ள பேப்பர்ல எடுத்து ஸ்டிக்கர் ஷீட்டுக்கு மேல வச்சு டியூப்லைட்டுக்கு நேரா தூக்கி பாருங்க, ஸ்டிக்கர் ஷீட் ஒண்ணோட விலைக்கு வெள்ள பேப்பர் எத்தனையோ வரும்.